பதில் மரியாதை

என் கணவர் நெமோட்டோ தெய்ஜி சாவதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் முடித்து வைத்திருந்தார்.

இதைக் கோபத்தில் சொல்லவில்லை. கோபமும் இருந்தது, அது வேறு கதை. ஜப்பான் ரயில்வேயில் தண்டவாளச் சோதனை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர் அவர். எதைச் செய்தாலும் அதை நோக்கி விரலை நீட்டி, வாய்விட்டுச் "சரி" என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார். ரயில்வேயில் எல்லாருக்கும் உள்ள பழக்கம்தான், இவர் அதை வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டார். அடுப்பு அணைச்சாச்சு, சரி. கதவு பூட்டியாச்சு, சரி. கல்யாணமான புதிதில் ஊருக்குக் கிளம்பும்போது என்னையும் ஒருமுறை அப்படி விரல் நீட்டிச் சரிபார்த்தார். அன்றைக்கே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

எங்கள் யொனாகோ நகராட்சி மண்டபத்தில் வயதானவர்களுக்கு 'கடைசிக்கால ஏற்பாடு' என்று ஒரு வகுப்பு நடக்கும். நாம் போன பிறகு பிள்ளைகளுக்குத் தொந்தரவு இல்லாமல் எல்லாவற்றையும் நாமே ஒழுங்கு செய்துவிட்டுப் போவது எப்படி என்று சொல்லிக் கொடுப்பார்கள். எள் விழ இடம் இருக்காது. எல்லாரும் தேநீரைக் குடித்து, பலகாரத்தைத் தின்று, ஆகா ஓகோ என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து பழைய சாமான்களுக்கு நடுவிலேயே நிம்மதியாகப் படுத்துக்கொள்வார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்த ஆள் ஊரிலேயே என் வீட்டுக்காரர் ஒருவர்தான்.

மலையடிவாரக் கிராமத்தில் இருந்த குடும்பக் கல்லறையை எடுத்துவிட்டு, மாமனார் மாமியார் அஸ்தியைக் கோயிலின் பொதுக் கல்லறைக்கு மாற்றினார். எங்கள் இருவருக்கும் அங்கேயே இடம் சொல்லிவிட்டார். தூண்டில்கள், புத்தகங்கள், ஏணி, ஷோகி சதுரங்கப் பலகை எல்லாம் ஊரார் வீட்டுக்குப் போயின. கோட்டு போட்டுக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போய், சவப்பெட்டிக்கு முன்னால் வைக்கிற படத்தையும் எடுத்துக்கொண்டு வந்தார். வீட்டில் மிஞ்சியது கிண்ணம் இரண்டு, சாப்பாட்டுக் குச்சி இரண்டு ஜோடி, மெத்தை இரண்டு. "உனக்குச் சம்மதம்தானே?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டார். நானும் ஒவ்வொன்றுக்கும் சம்மதம் என்றேன். நம் ஊரில் 'வேண்டாம்' என்று சொல்ல யாருக்குத் தெரியும்?

கடைசிப் பெட்டியும் வீட்டைவிட்டுப் போன அன்று, காலியான அறையைப் பார்த்து விரலை நீட்டி "சரி" என்றார். பிறகு ஜன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

அப்படியே ஒரு வருஷம் போயிற்று. சாப்பாடு குறைந்தது, பேச்சு நின்றது. வயசாகிவிட்டது என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர்களும் அதையேதான் சொன்னார்கள். அந்த வசந்தத்தில் நகராட்சிப் பரிசோதனையில் அவர் வயிற்றில் புற்று இருப்பது தெரிந்தது. ஆரம்பநிலைதான், வயிற்றில் ஒரு பகுதியை எடுத்துவிட்டால் குணமாகிவிடும் என்றார் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர். இவர் எழுந்து நின்று, இடுப்பு வளையக் குனிந்து, "ரொம்ப நன்றி டாக்டர். ஆனா தேவையில்ல. எல்லா ஏற்பாடும் முடிஞ்சிருக்கு" என்றார். ஏதோ விருந்தில் இன்னொரு கரண்டி சோறு வேண்டாம் என்று சொல்கிற மாதிரி.

அந்த டாக்டர் இளைஞர், ஆனாலும் விவரமானவர். என் முகத்தைப் பார்த்தார், இவர் முகத்தைப் பார்த்தார். "கோடை முடியறவரைக்கும் காத்திருக்கலாம். அதுக்கு மேல தள்ளிப்போட முடியாது. அதுக்குள்ள மாடியில கசுகா மேடத்தைப் பாத்துப் பேசுங்க" என்று அனுப்பிவிட்டார்.

கசுகா மேடம் மனநல ஆலோசகர். ஐம்பது வயது இருக்கும். ஒசாகாக்காரி, அதனால் வாய் கொஞ்சம் நீளம். அவள் அறையில் மேஜை ஓரமாகத் தள்ளிக் கிடந்தது. எங்கள் எதிரே அவள் வெறுமனே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நானும் கூட இருக்க வேண்டும் என்று அவளேதான் சொன்னாள்.

"தூக்கம் எப்படி ஐயா?"

"நல்லாத் தூங்கறேன், உங்க புண்ணியத்துல."

"விடியறதுக்கு முன்னாடியே எழுந்து சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கார்" என்றேன் நான்.

"சாப்பாடு?"

"குறையில்ல."

"குருவி கொத்தற மாதிரி கொத்திட்டு வெச்சுடறார்."

கசுகா மேடம் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தாள். "சரி, இதைச் சொல்லுங்க ஐயா. கடைசியா எப்போ சந்தோஷமா இருந்தீங்க?"

அவர் உண்மையாகவே யோசித்தார். "கல்லறை வேலை முடிஞ்ச அன்னைக்கு."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் செய்யறதுக்கு ஒண்ணும் பாக்கி இல்லையே மேடம்."

அதை அவர் சொன்ன விதத்தில் புகார் இல்லை, வருத்தம்கூட இல்லை.

"ஐயா, உங்களுக்கு வந்திருக்கறது மனச்சோர்வு. அது ஒரு வியாதி" என்றாள் அவள்.

"வயசானா எல்லாரும் இப்படித்தான் மேடம். அதுக்கு ஒரு பேர் வெச்சு உங்க நேரத்தை வீணாக்கக் கூடாது."

"எல்லாரும் இப்படி இல்ல. வயசானவங்களுக்கு வந்தா யாரும் கண்டுக்கறதில்ல, அவங்க உட்பட. கண்டுபிடிச்சுட்டா குணமாகும். நீங்க இளசுகளுக்குச் சளைச்சவங்க இல்ல. சொல்லப்போனா, குடுத்த வேலையை ஒழுங்காச் செய்யறது உங்க வயசுக்காரங்கதான்."

"வேலையா?" அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் அவர் முதுகு நிமிர்ந்தது.

"ஆமா, வேலைதான். மனசு வரட்டும், அப்புறம் செய்யலாம்னு உக்காந்திருந்தா மனசு வராது. செஞ்சாத்தான் பின்னாடியே மனசு வரும். ஆபரேஷனைப் பத்தி நான் பேசப் போறதில்ல, அது உங்க முடிவு. ஆனா அந்த முடிவை எடுக்கறது நீங்களா இல்ல உங்க சோர்வான்னு நாம பாத்தாகணும்."

"என்ன வேலை சொல்லுங்க. செஞ்சுடறேன்."

"அடுத்த தடவை வர்றதுக்குள்ள யாருக்காவது ஒரு தொந்தரவு குடுத்துட்டு வாங்க."

பிறரைத் தொந்தரவு செய்யாதே என்று தாய்ப்பாலோடு சேர்த்துப் புகட்டி வளர்த்த மனிதரிடம் போய் இப்படிச் சொன்னால்? ஓடுகிற ரயிலில் கல்லெறியச் சொன்ன மாதிரி விழித்தார். ஆனால் வேலை என்று சொல்லிவிட்டாளே. தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டார்.

யாரைத் தொந்தரவு செய்வது என்று தேர்ந்தெடுக்கவே அவருக்குப் பல நாள் ஆயிற்று. நகோயாவில் இருக்கிற மகனை? பாவம், வேலைக்குப் போகிறவன். கோயில் குருக்களை? அவருக்கு ஏற்கெனவே கல்லறைத் தொந்தரவு. கடைசியில் பக்கத்து வீட்டு அடாச்சியிடம் வந்து நின்றது. அடாச்சி மனைவியை இழந்தவர். கடலோர மணல் நிலத்தில் வெங்காயத்தாள் பயிரிடுகிறவர். ஊர் வம்பு அத்தனையும் அவர் வாய் வழியாகத்தான் பயணம் போகும்.

எங்கள் கூரையோரத் தகரத்தில் இலை அடைத்து மழைத் தண்ணீர் சுவரில் வழிந்துகொண்டிருந்தது. ஏணி வேண்டும். இவர் போய் வேலிக்கு அப்பால் குனிந்து நின்றார்.

"அடாச்சி, ஒரு உதவி. ஏணி இரவல் வேணும்."

"எந்த ஏணி?"

"நான் குடுத்தேனே, அந்த ஏணி."

அடாச்சி சிரித்த சிரிப்பில் வெங்காயத்தாள் கட்டு கையிலிருந்து விழுந்தது. "என்னய்யா நெமோட்டோ, உன் ஏணியை நீயே இரவல் கேக்கறியா? இரு, நீ ஏறினா உன் எலும்பைத்தான் பொறுக்கணும், நானே ஏறறேன்." ஏறித் தகரத்தைச் சுத்தம் செய்து, ஓட்டை விழுந்த இடத்தில் ஒட்டும் போட்டுவிட்டுத்தான் இறங்கினார்.

அவர் கையைக் கழுவி முடிப்பதற்குள் இவர் பேருந்து பிடித்துவிட்டார். ரயில் நிலையம் பக்கத்துக் கடையில் சிவப்புப் பயறு அல்வா ஒரு பெட்டி வாங்கி, நல்ல காகிதத்தில் சுற்றச் சொல்லி, அடாச்சி வீட்டு வாசலில் கொண்டுபோய் இரண்டு கையாலும் நீட்டினார். பதில் மரியாதை செய்யாமல் எங்கள் ஆட்களுக்குத் தொண்டையில் தண்ணீர் இறங்காது. ஒருவர் செய்ததற்கு மற்றவர் திருப்பிச் செய்ய வேண்டும், அதுவும் உடனே செய்ய வேண்டும். ஒரு ஏணிக்கு ஒரு பெட்டி அல்வா அதிகம் என்று அடாச்சிக்குப் பட்டதால், அவர் ஒரு கூடை பேரிக்காயோடு வந்தார். கூடைக்கு இவர் காய்ந்த மீன் கொடுத்தார். மீனுக்கு அவர் மது கொண்டுவந்தார். என் சமையலறை கல்யாண வீடு மாதிரி ஆயிற்று. இரண்டு கிழவர்களும் குனிந்து குனிந்து இடுப்பு வலி வந்ததுதான் மிச்சம்.

கசுகா மேடத்திடம் இவர் இதையெல்லாம் ஒழுங்காக ஒப்பித்தார், வேலையை முடித்த திருப்தியோடு. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டுச் சொன்னாள்:

"ஐயா, நீங்க தொந்தரவு குடுக்கல. வியாபாரம் பண்ணிட்டு வந்திருக்கீங்க."

"மன்னிக்கணும்."

"இனிமே யார் என்ன செஞ்சாலும், நான் சொல்றவரைக்கும் பதில் மரியாதை கிடையாது. நன்றி சொல்லலாம். அதுவும் ஒரு தடவைதான்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "அது மிருகத்தனம் மேடம்."

"ஒருத்தர் செஞ்சதை வாங்கிட்டுச் சும்மா இருந்தா உள்ள என்ன ஆகுதுன்னு பாருங்க. பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்க. அதுதான் வேலை."

நான் சும்மா இருப்பேனா? மறுநாளே வேலி ஓரமாகப் போய் அடாச்சியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். மருத்துவ ரகசியம் என்பார்கள், தெரியும். ஆனால் என் புருஷன் செத்துக்கொண்டிருந்தார்.

"அப்படியா தங்கச்சி! எது குடுத்தாலும் வாங்கிக்கிட்டுத்தான் ஆகணுமா?" என்று கேட்டார் அடாச்சி. பண்டிகைக்கு முந்தின நாள் சிறுவன் முகம் மாதிரி இருந்தது அவர் முகம்.

அன்றிலிருந்து அவர் புகுந்து விளையாடினார். காலையில் வெங்காயத்தாள், மத்தியானம் தோல் சீவி நறுக்கிய பேரிக்காய். கேட்காமலேயே எங்கள் வாசல் புல்லை வெட்டினார். இவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை நன்றி சொல்லிவிட்டு, இரண்டாவது தடவை வாயைத் திறக்கும் முன் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போவார். நாற்காலியில் உட்கார முடியவில்லை. கூடத்தில் மேலும் கீழும் நடந்தார். ஒரு நாள் சாயங்காலம் அடாச்சி ஷோகி பலகையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"நீ குடுத்த பலகைய்யா. ஒருத்தனா உக்காந்து எப்படி ஆடறது? வா."

"எனக்கு மறந்து போச்சு."

"நல்லதாப் போச்சு. எனக்கு ஜெயிச்சுப் பழக்கமே இல்ல."

ஆடினார்கள். இவர் தோற்றார். காயைப் பலகைமேல் டொக்கென்று வைத்து, "அந்த நகர்த்தல் செல்லாது!" என்று கத்தினார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் கத்தல். அடுப்படியில் நின்றுகொண்டு, அந்தக் கத்தலைக் கேட்டு, நான் சந்தோஷப்பட்டேன். அன்று இன்னொரு கிண்ணம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நான் சாமர்த்தியசாலி என்று எனக்கு எப்போதுமே ஒரு நினைப்பு உண்டு. சாப்பிட்ட கையோடு தூண்டிலைப் போட்டேன். "அடாச்சிக்கு இவ்வளவு கடன்பட்டுட்டீங்க. எதையும் திருப்பிச் செய்யாம கண்ணை மூடினா நல்லாவா இருக்கும்?"

அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். முகத்தில் ஏதோ ஓடியது. விழுந்தது மீன் என்று எனக்கு ஒரே குஷி. மறுநாள் காலையில் எழுந்ததும் சொன்னார்:

"நீ சொன்னது சரி. ராத்திரி யோசிச்சேன். பையனுக்கு போன் பண்ணிச் சொல்லிடறேன். நான் போனதும் அடாச்சிக்கு நல்லதா ஒரு பலகாரப் பெட்டி அனுப்பிடுவான்."

அதையும் ஏற்பாடு செய்துவிட்டார்! கையில் இருந்த கரண்டியை எங்கே எறிவது என்று தெரியாமல் நின்றேன். கோடை பாதிக்குமேல் கரைந்துவிட்டிருந்தது.

கசுகா மேடத்தின் அறையில் அன்றைக்கு இவர் நிதானமாகத்தான் பேசினார். ஷோகி ஆடுகிறேன், பசிக்கிறது, நடுவில் கோபம்கூட வருகிறது என்றார். ஆபரேஷன் மட்டும் வேண்டாமாம். அடாச்சிக்குப் பெட்டி அனுப்பும் ஏற்பாட்டையும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டு, சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, அதைக் கேட்டதும் உங்களுக்கு எப்படி இருந்தது?"

"எனக்கென்ன, நான் நல்லா இருக்கேன்."

"நீங்களும் ஐயாவும் ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சீங்களா?"

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு எங்கோ வழிமாறிப் போயிற்று. எழுபத்து மூன்று வயதில், முன்பின் தெரியாத ஒசாகாக்காரி முன்னால், என் குரல் எனக்கே அடையாளம் தெரியாமல் வெடித்தது.

"எல்லாருக்கும் ஏற்பாடு பண்ணினார் மேடம். செத்துப்போன அப்பா அம்மாவுக்கு, பையனுக்கு, கோயிலுக்கு. இப்ப அடாச்சிக்கும். எனக்கு என்ன ஏற்பாடு? வீட்ல ரெண்டே ரெண்டு கிண்ணம் மிச்சம் வெச்சிருக்கார். இவர் போனா ரெண்டாவது கிண்ணத்தை நான் தினம் என்ன பண்றது? அதைச் சொல்லச் சொல்லுங்க!"

கசுகா மேடம் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துப் பேசினார்.

"உனக்காகத்தானே எல்லாம்."

"எனக்காகவா?"

"எங்கம்மா படுத்த படுக்கையா எத்தன வருஷம் கிடந்தாங்க. நீதான் புரட்டிப் போட்ட, துடைச்ச, ஊட்டின. குளிர்காலத்துல உன் கை வெடிச்சு ரத்தம் வரும். நான் அதைப் பாப்பேன். பாத்துக்கிட்டே நீ கட்டிக் குடுத்த சாப்பாட்டை எடுத்துக்கிட்டு வேலைக்குப் போயிடுவேன். ஒரு நாள்கூட ஒரு வார்த்தை கேக்கல. நான் அந்த மாதிரி உன் கையில விழக் கூடாது. ஆபரேஷன், அப்புறம் படுக்கை, அப்புறம் மறுபடி நீ துடைக்கறது. வேண்டாம். ஒரு ஆளுக்கு ஒரு தடவை போதும்."

இத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கிறோம். என் கையை அவர் பார்த்தார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அந்த மனிதரைக் கட்டிக்கொண்டு அழலாமா, நாலு அறை விடலாமா என்று தெரியவில்லை. கடைசியில் உண்மையைச் சொன்னேன்.

"பாரம்தான். இல்லேன்னு சொல்ல மாட்டேன். உங்கம்மாவைத் திட்டியிருக்கேன். எப்ப விடிவு வரும்னுகூட நெனச்சிருக்கேன். அவங்களும் என்னைத் திட்டுவாங்க. ஆனா அந்த வீட்ல என்கூடப் பேசினது அவங்க ஒருத்தர்தான். நீங்க காலையில வீட்டை விட்டுப் போற மாதிரி அவங்க நடிச்சுக் காட்டுவாங்க, விரலை நீட்டி, 'அம்மா சரி, பொண்டாட்டி சரி'ன்னு. சிரிச்சுச் சிரிச்சு அவங்க படுக்கை நனைஞ்சிடும். அதை மாத்தும்போது மறுபடி சிரிப்போம். அவங்க போனப்ப நான் அழுதது கடமைக்குன்னு நெனச்சீங்களா? நீங்க வேலைக்குப் போயிட்டீங்க. அந்த வீட்ல என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கு என்ன தெரியும்?"

அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. "அம்மா என்னை நடிச்சுக் காட்டுவாங்களா?"

"அச்சு அசலா."

கசுகா மேடம் மெதுவாகச் சொன்னாள். "ஐயா, அம்மா கையைப் பாத்தீங்க. கணக்கையும் நீங்களே போட்டுட்டீங்க. அம்மாவை ஒரு வார்த்தை கேக்கல. இந்த வாரம் வேலையை நான் குடுக்கல. நீங்களே குடுத்துக்கோங்க."

அந்த வாரம் வீடு ஒருமாதிரி அமைதியாக இருந்தது. பழைய அமைதி இல்லை. நான் துணி மடிக்கும்போது அவர் பார்வை என் கைமேல் இருக்கும். நான் நிமிர்ந்தால் வேறு பக்கம் பார்ப்பார். நானாக எதையும் கேட்கக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ஒரு நாள் குளித்துவிட்டு வந்தவர் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, வாசல் பக்கம் பார்த்தபடி சொன்னார்: "கால் நகம் வெட்ட முடியல. குனிஞ்சா வயிறு வலிக்குது. ரொம்ப நாளாவே."

"அதுக்கு?"

"வெட்டி விடறியா?"

நான் பழைய செய்தித்தாளை விரித்து, அவர் காலை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். நகங்கள் கண்டபடி வளர்ந்து, ஓரங்களில் சதைக்குள் இறங்கியிருந்தன. நடக்கும்போதெல்லாம் வலித்திருக்கும். ஒரு வார்த்தை சொல்லவில்லை பாவி மனிதர். ஒவ்வொன்றாக வெட்டினேன். அவர் நன்றி சொன்னார், ஒரு தடவை. ஆபரேஷன் பற்றிப் பேச்சு வரவில்லை. மனசு நிறைந்திருந்தது, பயமும் குறையாமல் இருந்தது.

கோடை முடிந்து டாக்டர் சொன்ன நாள் வந்தது. டாக்டர் அறைக்கு வெளியே நீளமான பெஞ்சில் உட்கார்ந்தோம். கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஸ்டூடியோவுக்குப் போட்டுக்கொண்டு போன அதே கோட்டு. அவரிடம் இருந்ததே அது ஒன்றுதான். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு உள்ளே என்னமோ செய்தது. இதற்குமேல் நாக்கைக் கடித்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

அவர் கையைப் பிடித்தேன். வீட்டுக்கு வெளியே நாங்கள் கை பிடித்ததே கிடையாது. எதிரே இருந்த பெண் நாகரிகமாகத் திரும்பிக்கொண்டாள்.

"உங்கம்மாவுக்கு நான் செஞ்சதுக்கு எனக்கு இன்னும் பதில் மரியாதை வரல" என்றேன்.

அவர் கை என் கைக்குள் இறுகியது. "தெரியும். அதுக்கு எதைக் குடுத்தாலும் பத்தாது."

"பெட்டியெல்லாம் வேண்டாம். நான் படுத்தா நீங்கதான் என்னைப் பாத்துக்கணும். புரட்டணும், துடைக்கணும், ஊட்டணும். நான் திட்டினா வாங்கிக்கணும். பையன் வேண்டாம், மருமக வேண்டாம், நகராட்சி ஆளும் வேண்டாம். நீங்க."

"நீதான் முன்னாடி படுப்பேன்னு யார் சொன்னா?"

"யார் வேணா முன்னாடி படுக்கலாம். நீங்க படுத்தா நான் பாப்பேன், அதுல ஒண்ணும் புதுசு இல்ல. ஆனா நான் படுக்கும்போது ஆளே இல்லேன்னா, நான் யார்கிட்ட போய்க் கேக்கறது?"

தாழ்வாரத்தில் யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அது மூலை திரும்பும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குச் சமைக்கத் தெரியாதே" என்றார்.

"கத்துக்கோங்க."

நர்ஸ் கதவைத் திறந்து எங்கள் பெயரைக் கூப்பிட்டாள். உள்ளே போனோம். டாக்டர் மறுப்புக்குத் தயாராகத்தான் இருந்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

இவர் நாற்காலியில் உட்காரவில்லை. கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு, தலை முழங்காலைத் தொடுகிற அளவுக்குக் குனிந்தார்.

"டாக்டர், உங்களுக்குத் தொந்தரவு குடுக்கப் போறேன். மன்னிக்கணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். அதே அளவுக்கு எனக்கும் குனிந்தார். "இவளுக்கும்."

டாக்டர் ஆபரேஷனுக்கு நாள் பார்க்க ஆரம்பித்தார். நான் முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே நின்று அழுதேன்.